ஐம்பதைத் தாண்டி இறையியல் படிப்பது எப்படி: டெல்டாக் கத்தோலிக்கருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 16 விடிந்தபோது என் தோப்பில் 92 தென்னையில் ஆறுதான் நின்றது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே யாரைக் கேட்டாலும் கஜா புயலுக்கு இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த ஞாயிறைப் பற்றி. ஓடு பறந்து வானம் தெரிந்த கோயிலில் நின்று, எல்லாரோடும் சேர்ந்து ‘எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறேன்’ என்று சொல்ல ஆரம்பித்தேன். ‘எல்லாம் வல்ல’ என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. அப்போது எனக்கு 58 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் சொல்லி வந்த சொல். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு ஞானோபதேசம் என்ற மறைக்கல்வி வகுப்பு, சிறுவயதில் முதல்முறை நற்கருணை வாங்கும் புது நன்மையோடு பாதியும், விசுவாசத்தை உறுதிசெய்யும் உறுதிபூசுதலோடு மீதியும் முடிந்துவிடுகிறது. அப்புறம் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சின்ன வகுப்பு, அவ்வளவுதான். நிலம், கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றிலும் வயதுக்கேற்ற அறிவு வந்துவிடும். விசுவாசத்தில் மட்டும் பன்னிரண்டு வயதிலேயே உட்கார்ந்திருப்போம்.

நான் படிக்க ஆரம்பித்ததும் ஊரில் கேட்ட முதல் கேள்வி, “சாமியாராப் போகப்போறீங்களா?” என்பதுதான். இறையியல் என்றாலே குருக்களுக்குப் பயிற்சி தரும் குருமடம் என்று நினைக்கிறோம். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 229-ஆம் சட்டம், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கும் இறையியலை முறையாகப் படிக்க, பட்டம் வாங்கக்கூட, உரிமை உண்டு என்று சொல்கிறது. நம் பகுதியில் இது புதிய சங்கதியும் அல்ல. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியது ஊர் ஊராக மறையைக் கற்றுக்கொடுத்த உபதேசியார்களுக்காக. குடும்பஸ்தர்களான உபதேசியார்கள்தான் இந்தக் கிராமங்களில் சாமியார் எட்டிப் பார்க்காத மாதங்களிலும் விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கப் பொதுநிலையினர்தான்.

சரி, படிப்புக்கு வருவோம்.

முதல் படி: கேள்வியை எழுதி வையுங்கள்

புத்தகம் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்களை உறுத்தும் கேள்வியை எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். நான் எழுதியது: “எல்லாம் வல்லவர் என்றால் என் தென்னையை ஏன் விட்டார்?” கொஞ்சம் சின்னத்தனமாகத்தான் இருக்கிறது. பக்கத்து ஊரில் ஆளே போயிருக்கும்போது இவன் தென்னைக்கு அழுகிறான் என்று தோன்றும். இருந்தாலும் அதுதான் என் கேள்வி. உங்களுடையது மனைவியின் நோயாக இருக்கலாம், கோயிலுக்கு வர மறுக்கும் மகனாக இருக்கலாம், 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணியில் பார்த்ததாகவும் இருக்கலாம்.

பிந்தி வருகிறவருக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான். குருமட மாணவருக்கு இருபது வயதில் பாடம் முதலில் வரும், கேள்வி பிறகு வரும். நமக்குக் கேள்வி ஏற்கெனவே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் புனித அன்செல்ம், இறையியலை ‘புரிதலைத் தேடும் விசுவாசம்’ என்று விளக்கினார். தேடுவது விசுவாசம்தான் என்கிறார். ஆகவே கேள்வி கேட்பதாலேயே விசுவாசம் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: வாயில் இருக்கும் செபத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். உங்கள் பாட்டி சொன்ன செபத்தையும் இன்று கோயிலில் சொல்லும் செபத்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். இடது பக்கம் சர்வேசுரன், வலது பக்கம் கடவுள். பிதாவுக்கு எதிரே தந்தை, இஸ்பிரித்துசாந்துக்கு எதிரே தூய ஆவி, பாவசங்கீர்த்தனத்துக்கு எதிரே ஒப்புரவு, தேவதிரவிய அனுமானத்துக்கு எதிரே அருளடையாளம். இயேசு சபைக் குருவான இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்த காலத்திலிருந்து நடந்த மொழிச் சண்டையும் சமாதானமும் இந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறது. இஸ்பிரித்துசாந்து போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது, சர்வேசுரன் வடமொழி வழியில் வந்தது, தந்தை நம் வீட்டுச் சொல். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும், கடவுளை எந்தச் சொல்லால் கூப்பிடலாம் என்று யாரோ ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார்கள். இறையியல் வேலை என்பது பெரும்பாலும் அதுதான்.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் அம்மா ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க’ என்றுதான் கடைசிவரை சொன்னார். சின்ன வயதில் எனக்கு அது வெறும் சத்தம். நோட்டில் பிரித்து எழுதிய அன்றுதான் தெரிந்தது: பிரியம், தத்தம். பிரியத்தினால் கொடுத்தது, உழைத்துச் சம்பாதிக்காதது. இன்று ‘அருள் நிறைந்த’ என்கிறோம். அதுவும் அழகான சொல்தான். ஆனால் அருள் என்றால் சம்பாதிக்க முடியாத கொடை என்ற பாடத்தை, பெரிய புத்தகம் ஒன்று பல பக்கங்களில் சொல்வதை, அம்மா ஒரு சொல்லில் வைத்திருந்தார்.

அப்புறம் ‘விசுவசிக்கிறேன்’, ‘நம்புகிறேன்’. தமிழில் விசுவாசத்தை நாய்க்கும் வேலைக்காரருக்கும் சொல்கிறோம். விட்டுப் போகாமை என்ற பொருள் அதில் இருக்கிறது. புனித அகுஸ்தினார் நம்புவதை மூன்றாகப் பிரித்தார்: கடவுள் உண்டு என்று நம்புவது, கடவுள் சொன்னதை நம்புவது, கடவுளை நோக்கித் தன்னையே கொடுத்து நம்புவது. முதலாவது பிசாசுக்கும் உண்டு என்பார். கோயிலில் நாம் அறிக்கையிடுவது மூன்றாவது. புயலுக்குப் பிறகு என்னிடம் ஆடியது மூன்றாவதுதான், முதலாவது ஆடவில்லை. இதைப் பிரித்துப் பார்க்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

மூன்றாம் படி: விவிலியத்தை வரிசையாகப் படிக்காதீர்கள்

தொடக்க நூலில் ஆரம்பித்து லேவியராகமத்தில் விழுந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நானும் ஒருவன்.

1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை இருக்கிறது. அதைத் தாண்டாதீர்கள். கத்தோலிக்க விவிலியத்தில் பழைய ஏற்பாடு 46, புதிய ஏற்பாடு 27, மொத்தம் 73 நூல்கள். தரங்கம்பாடிப் பக்கத்து லூத்தரன் நண்பரிடம் இருப்பதில் 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகியவை அங்கே இல்லை. ஏன் இல்லை என்று அவரோடு உட்கார்ந்து பேசுவதே ஒரு நல்ல பாடம்.

நான் இப்போது யாருக்கும் சொல்லும் வரிசை: முதலில் மாற்கு. 16 அதிகாரம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். பிறகு லூக்கா, அதன் தொடர்ச்சியான திருத்தூதர் பணிகள். அதற்குப் பிறகு தொடக்க நூலின் முதல் 11 அதிகாரங்கள், விடுதலைப் பயணத்தின் முதல் 20. பவுலைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். உரோமையருக்கு எழுதிய திருமுகம் இரண்டாம் ஆண்டுக்கு. திருப்பாடல்களைத் தினம் ஒன்றாக எப்போதும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது ‘இது எந்த வகை எழுத்து?’ என்று கேளுங்கள். பத்திரமும் பாட்டும் ஒரே மாதிரி படிக்கப்படுவதில்லை. நிலப்பத்திரத்தில் ‘வடக்கே வாய்க்கால்’ என்றால் வாய்க்கால்தான். தாலாட்டில் ‘மாணிக்கக் கட்டில்’ என்றால் கட்டிலைத் தேடிப் போக மாட்டோம். தொடக்க நூலில் படைப்பு இரண்டு முறை, இரண்டு விதமாக, முதல் இரண்டு அதிகாரங்களிலேயே சொல்லப்படுகிறது. எழுத்தின் வகையைப் பார்த்துப் பொருள் காண வேண்டும் என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 12-ஆம் பத்தியில் சொல்கிறது.

துன்பம்தான் உங்கள் கேள்வி என்றால், எல்லாவற்றையும் இழந்து கடவுளிடமே நியாயம் கேட்ட யோபுவின் நூலை ஆறு மாதத்துக்குள் தொடுங்கள். 42 அதிகாரம். நடுவில் யோபுவின் நண்பர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் சாவு வீட்டில் நாம் பேசுவதைத்தான் அவர்களும் பேசுகிறார்கள்: ‘ஏதோ செஞ்சிருப்பே, அதான்’. 38-ஆம் அதிகாரத்தில் கடவுள் வாய் திறக்கிறார். எங்கிருந்து தெரியுமா? சூறாவளியிலிருந்து. அந்த வரியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுத் தோப்புப் பக்கம் போய்விட்டேன். 42-ஆம் அதிகாரத்தில், தமக்காக வாதாடிய நண்பர்களைத்தான் கடவுள் கடிந்துகொள்கிறார். கத்தித் தீர்த்த யோபு சரியாகப் பேசினான் என்கிறார். கூடவே லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசு சொல்வதையும், யோவான் 9-இன் முதல் மூன்று வசனங்களையும் பாருங்கள். ‘பாவத்துக்குத் தண்டனைதான் புயல்’ என்று மைக்கில் யார் சொன்னாலும் அதற்குப் பிறகு உங்களுக்குப் பதில் இருக்கும். சொல்ல வேண்டும் என்பதில்லை.

நான்காம் படி: மறைக்கல்வியும் சங்க ஏடுகளும்

1992-இல் வெளியான ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ நூலில் 2,865 பத்திகள். இதை அகராதி மாதிரிப் பயன்படுத்துங்கள். விசுவாச அறிக்கை, அருளடையாளங்கள், கிறிஸ்துவில் வாழ்வு, செபம் என்று நான்கு பாகம். உங்கள் கேள்வி எந்தப் பாகத்தில் வரும் என்று பார்த்து அங்கே நேராகப் போங்கள். என் கேள்விக்கு 309 முதல் 314 வரை. அங்கே ஒரு வரிப் பதில் கிடையாது. கிறிஸ்தவச் செய்தி முழுவதும் சேர்ந்துதான் தீமை பற்றிய கேள்விக்குப் பதில் என்கிறது. முதல் தடவை படித்தபோது இது மழுப்பல் என்று நினைத்து எரிச்சல்பட்டேன். கேட்டது ஒரு ரூபாய்ச் சில்லறை, கொடுப்பது வங்கிச் சாவியா என்று. இப்போது அந்த எரிச்சல் பாதிதான் இருக்கிறது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் 16 ஏடுகளைத் தந்தது. எல்லாம் வேண்டாம். இறைவெளிப்பாடு பற்றியது 26 பத்திதான், அதில் தொடங்குங்கள். அடுத்து திருச்சபை பற்றியது, பிறகு இன்றைய உலகில் திருச்சபை. மற்ற மதங்களைப் பற்றிய சின்ன ஏட்டையும் விடாதீர்கள். நாகூரும் வேளாங்கண்ணியும் திருவாரூரும் ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கிற ஊரில் வாழ்கிறோம். அந்த ஏடு நமக்காகவே எழுதினது போல இருக்கும்.

முதல் நான்கு பொதுச்சங்கங்களும் (நிசேயா 325, கொன்ஸ்தாந்திநோப்பிள் 381, எபேசு 431, கால்செதோன் 451) எதற்காகக் கூடின என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பூசையில் இயேசுவைத் ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று வேகமாகத் தாண்டுகிறோமே, அதில் ‘ஒரே பொருள்’ என்ற சொல்லுக்கு நிசேயாவில் ஆரம்பித்த சண்டை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓயவில்லை.

ஐந்தாம் படி: டீக்கடையில் சொல்லிப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, படித்ததை ஒரு பக்கத்தில் கோயில் சொல் எதுவும் இல்லாமல் எழுதுங்கள். பிறகு கத்தோலிக்கர் அல்லாத நண்பர் ஒருவரிடம் சொல்லுங்கள். என் நண்பர் தேவாரம் நன்றாகப் பாடுவார். “மூணு பேரு, ஒரே சாமி. எப்படி சார்?” என்றார். நான் உற்சாகமாக, “கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரியுதே, தண்ணி ஒண்ணுதானே?” என்றேன். அவருக்குத் திருப்தி. எனக்கும் திருப்தி. ஞாயிறன்று பங்குத்தந்தையிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். “முறை வச்சு ஒண்ணை மூடி ஒண்ணைத் திறப்பாங்களே சார், கடவுளும் அப்படியா? மூணா பிரிஞ்சா ஒவ்வொண்ணுலயும் தண்ணி குறையுமே?” என்றார். சரி என்று அடுத்த வாரம், “ஒரே ஆள்தான், வீட்டில் அப்பா, பள்ளியில் வாத்தியார், மனைவிக்குப் புருஷன்” என்று மாற்றினேன். “அது சபெல்லியுஸ். மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை வேண்டாம்னு சொல்லிடுச்சு” என்றார்.

இரண்டே வாரத்தில் இரண்டு தப்பறை, அதாவது திருச்சபை தவறென்று ஒதுக்கிய கருத்து. ஆனால் மூவொரு இறைவனைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு ஆழமாகப் பதியவில்லை. பழைய சங்கங்கள் கூடியதெல்லாம் இதைப் போன்ற உவமைகள் உடைந்த இடத்தில்தான். நண்பருக்கு இன்னும் கல்லணைதான் பிடித்திருக்கிறது.

ஆறாம் படி: வகுப்பில் சேருவதா?

ஓர் ஆண்டு தனியாகப் படித்த பிறகு இதை யோசியுங்கள். அவசரப்பட்டு நான் பட்டது போதும். படிக்கத் தொடங்கிய மூன்றாம் மாதமே, தபால் வழியில் இறையியல் கற்றுத்தரும் ஒரு நிறுவனத்தில் பணம் கட்டினேன். பாடம் முழுக்க ஆங்கிலம். முதல் கட்டு இறையியலே இல்லை, மெய்யியல். வாழ்நாள் முழுக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கடிதம் எழுதிய என் ஆங்கிலம் அங்கே இரண்டாம் பக்கத்திலேயே படுத்துவிட்டது. பாதியில் விட்டேன். கட்டிய பணம் திரும்பவில்லை. கேட்காமல் சேர்ந்தது என் தவறும்தான்.

ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: பாடமும் தேர்வும் எந்த மொழியில்? நேர்முக வகுப்பு எத்தனை நாள், எங்கே? முன்தகுதி என்ன? சான்றிதழா, பட்டயமா, திருச்சபைப் பட்டமா? கடைசிக் கேள்வி முக்கியம். குருத்துவத்துக்கான மெய்யியல், இறையியல் படிப்பு சட்டப்படி குறைந்தது ஆறு முழு ஆண்டுகள். நமக்கு அது தேவையில்லை. அடிப்படை இறையியல், விவிலியம், அறநெறி, திருவழிபாடு நான்கும் உள்ள பொதுநிலையினர் பட்டயம் போதும்.

தமிழில் வேண்டுமென்றால் முதலில் உங்கள் மறைமாவட்டத்தின் விவிலிய, மறைக்கல்விப் பணிக்குழுவைக் கேளுங்கள். நமக்கு அது தஞ்சாவூர், கும்பகோணம் அல்லது திருச்சி. மாநில அளவில் திண்டிவனத்தில் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. ஆங்கிலம் தடையில்லை என்றால் டெல்லி வித்யாஜோதி இறையியல் கல்லூரியின் தொலைவழி இறையியலை விசாரிக்கலாம். திருச்சியில் புனித பவுல் குருமடம் இருக்கிறது. பங்குத்தந்தை மூலமாகக் கேட்டுவிட்டுப் போனால் பேராசிரியர் ஒருவரைப் பார்த்துப் பேச வழி பிறக்கலாம். பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் உங்களைப் போல இன்னும் ஒருவர் இருப்பார், அவரையும் பிடித்துக்கொள்ளுங்கள். தனி ஆள் படிப்பு மழைக்காலத்தில் நின்றுபோகும்.

நேரத்தைப் பற்றி இரண்டு வரி. மேட்டூர் திறந்து நடவு ஓடும் மாதங்களில் புத்தகம் தொட முடியாது. திருப்பாடல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை முடிந்ததும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய தவக்காலம் வரும். நாற்பது நாளும் விடியற்காலை முக்கால் மணி நேரம். நம் படிப்புப் பருவம் அதுதான். கண்ணாடியை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள், திருவிவிலியத்தின் அடிக்குறிப்பு எழுத்து சின்னது.

ஏழாம் படி: படிப்பு செபத்தைத் தின்னும் காலம்

இது வரும். ஆறாவது மாதமோ, இரண்டாவது ஆண்டோ. மறையுரை கேட்கும்போது மனசு குறிப்பெடுக்கும், செபமாலை சொல்லும்போது சொல்லாராய்ச்சி செய்யும். பக்கத்தில் ‘சர்வேசுரா’ என்று அழும் கிழவியைத் திருத்தத் தோன்றும். திருத்தாதீர்கள். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களைப் பார்த்து உதடு சுழித்தால், ஒருமுறை கூடவே நடந்துவிட்டு வாருங்கள். திருச்சபையின் பெரிய இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 1273 டிசம்பரில் ஒருநாள் பூசைக்குப் பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டார். தாம் கண்டதற்கு முன்னால் எழுதியதெல்லாம் வைக்கோல் என்று சொன்னாராம். நம் ஊரில் வைக்கோலின் அருமை தெரியும், மாட்டுக்கு அதுதான் சோறு. அதனால் அந்தச் சொல்லைக் கேட்டு நான் படிப்பை விடவில்லை.

நான் கண்ட வழி: படித்த பகுதியிலிருந்து ஒரு வரியை எடுத்து, புத்தகத்தை மூடி, கால் மணி நேரம் சும்மா இருப்பது. துறவிகள் இதை வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், அமைந்திருத்தல் என்று நான்காகச் சொல்வார்கள். நான்காவது எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. இரவில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொன்னபடி அன்றைய நாளை ஒருதடவை திரும்பிப் பார்க்கிறேன். மனசு ரொம்ப வறண்டால் பங்குத்தந்தையிடமோ, மடத்தில் வயதான ஒரு சகோதரியிடமோ போய்ப் பேசுவது உண்டு. சந்தேகத்தை வாட்சாப் குழுவில் போடுவதில்லை.

சென்ற தவக்காலத்தில் கண் வலி என்று மனைவியைப் படிக்கச் சொன்னேன். யோபு 38. அவள் பள்ளிப் பாடம் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். கடலுக்குக் கதவு போட்டது யார், மழைக்கு வாய்க்கால் வெட்டியது யார் என்று கடவுள் கேட்டுக்கொண்டே போகும் இடம். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“என்னங்க, மரம் ஏன் விழுந்துச்சுன்னு இவரு சொல்லவே இல்லையே?”

“சொல்லல.”

“ஆனா வந்து பேசியிருக்காரு” என்றாள். பிறகு பக்கத்தில் ஈர்க்குச்சியை அடையாளம் வைத்து மூடினாள். “மிச்சத்தை நாளைக்குப் படிப்போம். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்.”